புரொபேஷனில் இருந்த தம்பியை டெக்சாஸுக்கு அழைத்துக்கொண்டது எப்படி: என் அனுபவம்

தம்பி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரொபேஷனில், அதாவது சிறைக்குப் பதிலாக அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே இருந்தான். வேலை போய், வாடகைக்கே வழியில்லை. டெக்சாஸில் என் வீட்டுக்கு வரலாம் என்றால், "காலம் முடியட்டும்" என்றார் அவனைக் கண்காணித்த அதிகாரி. அனுமதியில்லாமல் மாநிலம் தாண்டினால் பிடிவாரண்ட்தான்.

கண்காணிப்பை மாற்றிக்கொள்ள 50 மாநிலங்களுக்கும் பொதுவான ஓர் ஒப்பந்தம் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. கண்காணிப்புக் காலம் 90 நாளுக்கு மேல் மிச்சமிருக்க வேண்டும், நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க வேண்டும். புது மாநிலத்தில் 180 நாளாவது வசிக்கும் நெருங்கிய உறவு ஆதரவு தர வேண்டும். வேலையோ பிழைக்க வழியோ வேண்டும். உடன்பிறந்தவர்களும் இந்த உறவில் சேர்த்தி. எனக்கு அதுதான் பிடி கிடைத்த இடம். (சிறு குற்றங்கள் பலவற்றுக்கு இந்த ஒப்பந்தமே பொருந்தாது, முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

விண்ணப்பத்தை நாம் நேரடியாக அனுப்ப முடியாது, அதிகாரிதான் அனுப்ப வேண்டும். அதனால் அவர் வேலையைச் சுலபமாக்கினேன்: வீட்டு ஒப்பந்தம், பழைய மின்கட்டண ரசீதுகள், "என்னோடு தங்குவான், செலவு என் பொறுப்பு" என்று கையெழுத்திட்ட கடிதம், இங்கே ஒரு கிடங்கில் கிடைத்த வேலைக்கான கடிதம். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்து, மாநிலங்களுக்கிடையிலான மாற்றத்தைக் கவனிக்கும் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேட்டோம். அவரும் அனுப்பினார்.

ஏற்கும் மாநிலம் பதில் சொல்ல 45 நாள் அவகாசம். டெக்சாஸ் அதிகாரி வந்து என் வீட்டைப் பார்த்தார். சம்மதம் வந்து, பயண அனுமதிக் கடிதம் கைக்குக் கிடைத்த பிறகே டிக்கெட் எடுத்தோம். இப்போது இங்குள்ள அதிகாரி கண்காணிக்கிறார். கண்காணிப்புக் காலம் எவ்வளவு என்று தீர்மானிப்பது இன்னும் ஒஹாயோதான்.