.22 பிஸ்டலில் ட்ரிக்கர் எடையைச் சரிசெய்வது: எடைக்கல்லை எங்கே மாட்டுவது?

போன வருடம் ஒரு போட்டியின் உபகரணச் சோதனையில் என் பார்தினி எஸ்பி தேறவில்லை. கீழக்கரையில் என் வீட்டில் ட்ரிக்கரில் மாட்டிய 1000 கிராம் எடைக்கல்லைப் பத்துத் தடவை விடுபடாமல் தூக்கிய அதே பிஸ்டல்தான். சோதனை மேசையில் மூன்று முறையும் கல் மேலே எழும்புவதற்குள் டக்கென்று விடுபட்டுவிட்டது. அங்கேயே ஒரு திருகைக் கால் சுற்று முறுக்கி, மறுபடி காட்டி உள்ளே போனேன். ஆனால் அன்று முழுக்க அந்த ட்ரிக்கர் என் விரலுக்குப் பழக்கமில்லாததாகவே இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. நீங்கள் அந்த மூன்று வாரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது லைசென்ஸோடு .22 போட்டி பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கானது. தயாரிப்பாளரே கொடுத்திருக்கும் திருகுகளை மட்டும்தான் தொடப் போகிறோம். சியரை (சுத்தியல் போன்ற ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பல்) அரத்தால் ராவுவது, ஸ்பிரிங்கை வெட்டுவது இரண்டும் கூடவே கூடாது. அது ஆர்மரரின், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை.

தொடங்கும் முன்

மேகஸினை எடுங்கள். போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. .22 போல விளிம்பில் அடித்து வெடிக்கும் ரிம்ஃபயரில் வெறும் சேம்பரோடு ட்ரிக்கரை இழுத்தால் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் போய் இடிக்கும். அதனால் ட்ரை ஃபயர் பிளக் (சேம்பரில் வைக்கும் போலித் தோட்டா) போட்டுக்கொள்ளுங்கள்.

கருவி என்று பார்த்தால் நல்ல எல்-கீ ஒன்று போதும். சைக்கிள் கடையில் கிடைக்கும் மலிவு செட்டை வாங்காதீர்கள். இந்தத் திருகுகளின் தலை மிகச் சிறியது, ஒரு தடவை மழுங்கினால் முடிந்தது. நான் வைத்திருப்பது தபாரியா செட். அதில் 1.5 மில்லிமீட்டரிலிருந்தே கிடைக்கிறது. கூடவே ஒரு நோட்டு வேண்டும். எந்தத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு சுற்றினோம் என்பதை அப்போதைக்கப்போதே எழுதிவிடுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப வேறு வழி இல்லை.

முதலில் சுத்தம்

நம் கடற்கரையில் இதைத் தாண்டிப் போக முடியாது. பாம்பன் பாலத்தின் இரும்பையே அரிக்கும் உப்புக் காற்றுதான் நம் பெட்டிக்குள்ளும் வருகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். பழைய எண்ணெய் அதில் பிசுபிசுத்து, ட்ரிக்கர் கனத்துப்போனதுபோலத் தெரியும். அந்த நிலையில் எடையை அளந்தால் ஸ்பிரிங்கோடு சேர்த்து அழுக்கையும் அளக்கிறோம் என்று அர்த்தம். துடைத்து, துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், செகண்ட் ஸ்டேஜ்

ட்ரிக்கரை இழுக்கத் தொடங்கியதும் லேசாக நகர்ந்து வந்து, ஓர் இடத்தில் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அதுவரை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சியர் விடுபட்டு ஹேமர் விழும். அது செகண்ட் ஸ்டேஜ். ஹேமர் விழும் நேரத்தில் இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்துதான் விரலை எதிர்க்கின்றன. சோதனை மேசையில் பார்ப்பது இந்தக் கூட்டுத்தொகையை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் திருகைத் தளர்த்திவிட்டு, செகண்ட் ஸ்டேஜைத் தொடவில்லையே என்று நிம்மதியாக இருந்தால் மொத்த எடை குறைந்திருப்பது தெரியாமலே போய்விடும்.

25 மீட்டர் பிஸ்டல், ரேபிட் ஃபயர் இரண்டுக்கும் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி குறைந்தது 1000 கிராம் வேண்டும். ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். நான் வைப்பது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் 750, செகண்ட் ஸ்டேஜ் 300, மொத்தம் 1050. சரியாக 1000-இல் நிறுத்துகிறவர்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போட்டி முடிந்த பிறகும் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பார்கள். அப்போது குறைந்தால் தகுதி நீக்கம். 50 கிராமை மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகிறது?

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் கனம் அதிகமாக வைப்பதற்கும் காரணம் உண்டு. 25 மீட்டரின் வேகச் சுற்றில் இலக்கு 3 விநாடிதான் முகம் காட்டும். கையைத் தூக்கும்போதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜை இழுத்து முடித்துவிட்டால் கடைசியில் 300 கிராம் மட்டும்தான் மிச்சம்.

எடை ஸ்பிரிங் திருகுகளை உள்ளே முறுக்கினால் கனம் கூடும், வெளியே எடுத்தால் குறையும். எந்தத் திருகு எது என்பது உங்கள் கையேட்டில் படத்தோடு இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதுவும் கால் சுற்று.

அளப்பது: நான் தவறிய இடம்

நான் என்ன செய்தேன் என்றால், வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டு, கழுத்தில் கம்பிக் கொக்கி கட்டி எடைக்கல் ஆக்கினேன். நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். சரியாக 1000 கிராம். ஆக, கல்லில் தவறு இல்லை.

தவறு கொக்கியில் இருந்தது. என் கொக்கி வழுக்கிக்கொண்டு ட்ரிக்கரின் மேல்பக்கம், அது சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சோதனை மேசையில் ட்ரிக்கரின் நடுப்பகுதியில் மாட்டுவார்கள். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், அப்புறம் கைப்பிடிக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள். அதே கணக்குதான். அச்சிலிருந்து 20 மில்லிமீட்டர் தூரத்தில் 1000 கிராம் தாங்கும் ட்ரிக்கர், 22 மில்லிமீட்டரில் 909 கிராமிலேயே விடுபடும். இரண்டே மில்லிமீட்டருக்குத் தொண்ணூறு கிராம்!

இதை எனக்குச் சுட்டிக்காட்டியது மதுரையில் என்னோடு சுடும் ஒரு பெரியவர். என் பாட்டிலை ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, கல்லு சரி, மாட்டுற இடம் சரியில்ல" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நான் செய்வது: ட்ரிக்கரின் நடுவில் மார்க்கரால் மெல்லிய கோடு. கொக்கியின் முனையை வளைந்த கம்பியாக விடாமல், கத்தி விளிம்புபோல் தட்டையாக்கியிருக்கிறேன். அது கோட்டில் உட்காரும், வழுக்காது. கல்லை மேசையில் வைத்து, காக் செய்த (ஹேமர் பின்னால் நிற்கும்) பிஸ்டலின் பேரல் நேர் மேலே பார்க்க, கொக்கியை மாட்டி மெதுவாகத் தூக்க வேண்டும். பேரல் சாய்ந்தால் அளவும் மாறும். வெடுக்கென்று தூக்கினால் நல்ல ட்ரிக்கரும் விடுபடும். ஸ்பிரிங் தராசை நான் நம்புவதில்லை, சோதனையிலும் அதற்கு அனுமதி இல்லை.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜை மட்டும் அளக்க, காலி பாட்டிலைத் தொங்கவிட்டு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ட்ரிக்கர் சுவரில் முட்டி நின்றதும் எடுத்து நிறுங்கள்.

சியர், ட்ரிக்கர் ஸ்டாப்

சியர் பிடிமானத் திருகை முடிந்தவரை தொடாதீர்கள். பிடிமானம் குறையக் குறைய ட்ரிக்கர் கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விடுபடும், அந்த ஆசையில்தான் பலர் எல்லை மீறுகிறார்கள். ட்ரிக்கர் ஸ்டாப்பை ஹேமர் விழுந்ததும் விரல் அதற்கு மேல் பின்னால் போகாதபடி வையுங்கள். ஆனால் ஒரு மயிரிழை இடைவெளி விடுங்கள். முழுக்க இறுக்கினால் சியர் முழுசாக விடுபடாது.

பாதுகாப்புச் சோதனை

சேம்பர் காலியாக இருக்கும்போதே போல்ட்டை முழுக்க இழுத்து, தானாக மூடும்படி விடுங்கள். இருபது தடவை. ஒரு தடவை ஹேமர் தானாக விழுந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள். பிறகு ரேஞ்சில் முதலில் ஒரே ஒரு தோட்டா, அப்புறம் இரண்டு. ஒரு இழுப்புக்கு இரண்டு வெடித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, ஆர்மரரிடம் கொடுங்கள்.

எல்லாம் சரி என்றால் திருகுத் தலையிலிருந்து உடல்வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுங்கள். திருகு நகர்ந்தால் கோடு உடைந்திருக்கும், பார்த்ததுமே தெரியும். திருகை ஒட்டவைக்கும் லாக்டைட் பசையைப் போடாதீர்கள். இவ்வளவு சின்னத் திருகை அப்புறம் கழற்ற முடியாது.

பிற்சேர்க்கை

தொண்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். இதில் சொன்னபடி 1050 வைத்தாராம், இரண்டு மாதத்தில் 1150 ஆகிவிட்டதாம், அதனால் திருகைத் தளர்த்திவிட்டாராம். தளர்த்துவதற்கு முன் சுத்தம் செய்தீர்களா என்று கேட்டேன். இல்லை. திறந்து பார்த்தபோது எண்ணெய் மெழுகுபோல் உறைந்திருந்தது. துடைத்துவிட்டு அளந்தால் 960 கிராம்! அந்த வாரம் அவருக்குப் போட்டி இருந்தது, நல்லவேளை முன்கூட்டியே கேட்டார். நோட்டில் குறித்து வைத்திருந்ததால் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, மறுபடி 1050-இல் நிறுத்திவிட்டார். இப்போது அவர் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுகிறார்.