இறையழைத்தலைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறன்று, ஒருவரது வாழ்க்கை நிலைக்கு இறைவன் விடுக்கும் அழைப்பாகிய இறையழைத்தலுக்காக மன்றாடும்போது, நம்மில் பலர் குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடத்தையும் கன்னியர் மடத்தையும் மட்டுமே மனத்தில் கொள்கிறோம். முதல் தவறு இதுவே. திருமுழுக்குப் பெற்ற அனைவரும் புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்பதைக் கற்பிக்க, கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் ஓர் இயலையே ஒதுக்கியது. 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த குடும்பஸ்தர்.

துறவறம் கிடைக்காதவர்களுக்கு எஞ்சியது இல்லறம் என்று எண்ணுவது இதைவிட ஆழமான தவறு. பிரான்சின் அலென்சோன் நகரில் வாழ்ந்த லூயி மார்ட்டின், ஆல்ப்ஸ் மலைத் துறவு மடமொன்றை நாடிச் சென்றபோது, லத்தீன் தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்டார். நோயாளர்க்குப் பணிபுரியும் அருட்சகோதரியாக விரும்பிய செலியையும் (லூயி பின்னர் மணந்தவர்) மடத்தில் ஏற்கவில்லை. 1858இல் மணமுடித்த பின்னரும் ஏறத்தாழ பத்து மாதங்கள் உடன்பிறந்தவர்களைப் போலவே வாழ்ந்த இவர்கள், ஒரு குருவானவரின் அறிவுரைக்குப் பிறகே மக்கட்பேற்றை விரும்பி ஏற்றார்கள். லூயி தம் கடிகாரக் கடையை, வியாபாரம் போனாலும் போகட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியே வைத்தார். செலியோ, பெண்கள் வீட்டிலிருந்து பின்னிக் கொடுத்த லேஸ் துண்டுகளை இணைப்புத் தெரியாமல் ஒன்றாகத் தைக்கும் நுணுக்கமான வேலையைத் தாமே செய்தார். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தவர்கள் இவர்கள். புனித குழந்தை இயேசுவின் தெரேசா இவர்களுடைய கடைசி மகள். 2015இல் இருவரும் ஒருசேரப் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய இல்லறமேயன்றி, கிடைக்காமல் போன துறவறமன்று.

பிள்ளையைக் குருவாக்குவதாகப் பெற்றோர் நேர்ந்துகொண்டு, பின்னர் அந்த நேர்ச்சையைச் சொல்லியே அவனை வற்புறுத்துவதும் நம் ஊர்களில் உண்டு. விவிலியத்தில் அன்னாவும் தம் மகன் சாமுவேலை ஆண்டவருக்கு நேர்ந்தவர்தானே என்பார்கள். ஆனால் ஆலயத்தில் வளர்ந்த அந்தச் சிறுவனையும் ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்தார். பதில் அவன் வாயிலிருந்தே வர வேண்டியிருந்தது. அழைப்பது யார் என்று புரியாமல் மூன்று முறை குரு ஏலியிடம் ஓடிய அவனுக்கு வழிகாட்ட ஒரு பெரியவரும் தேவைப்பட்டார் என்பதால், தன் உள்ளுணர்வை மட்டும் நம்பித் தனியே முடிவெடுப்பதும் சரியன்று. எவரையும் எக்காரணத்துக்காகவும் குருத்துவத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே தடுக்கிறது.

குருமடத்திலிருந்து திரும்பி வரும் இளைஞனைத் தோற்றவனாகப் பார்ப்பது மிகவும் வேதனை தருவது. பயிற்சி பல ஆண்டுகள் நீள்வதும், துறவற சபைகளில் இறுதி வார்த்தைப்பாட்டுக்கு (இறைவனுக்குக் கொடுக்கும் துறவற வாக்குறுதிக்கு) முன் தற்காலிக வார்த்தைப்பாடு இருப்பதும், தேர்ந்து தெளிய அவகாசம் தருவதற்காகவே. அந்த அவகாசத்துக்குள் உண்மையாகத் தெளிந்து வெளியே வந்தவனிடம் ஊர் விளக்கம் கேட்க நியாயமில்லை.