ஓதிய ஆயத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

பிள்ளை மதரஸாவிலிருந்து வந்ததும் "இன்னைக்கு எத்தனை ஆயத் மனப்பாடம்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். அதோடு, ஆயத் எனும் அந்தக் குர்ஆன் வசனத்தைப் பற்றி இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: "இதை நீ எப்படிக் காட்டுவே?"

தொடங்குவதற்குக் குர்ஆனின் 31-வது அத்தியாயமான சூரா லுக்மான் மிகப் பொருத்தம். அதில் 13 முதல் 19 வரையிலான ஆயத்களில் ஒரு தந்தை தன் மகனுக்குச் சொல்லும் அறிவுரைகள் வருகின்றன. வாரத்துக்கு ஓர் ஆயத் போதும், அவசரமே வேண்டாம். முதலில் பொருளைச் சேர்ந்து படியுங்கள். 16-வது ஆயத்தில் கடுகளவு செயல் பாறைக்குள் இருந்தாலும் அல்லாஹ் அதை வெளிக்கொண்டு வருவான் என்று வருகிறது. எவ்வளவு அழகான காட்சி! பாறையையும் கடுகையும் பிள்ளை வரையட்டும், களிமண்ணில் செய்யட்டும், இல்லை நாலு வரி கவிதை எழுதட்டும். உருவம் வரையத் தயங்கும் வீடுகளிலும் இதற்குத் தடை இருக்காது.

அப்புறம் அந்த வாரம் முழுக்க யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன நன்மை செய்யச் சொல்லுங்கள். என்ன செய்தாய் என்று நீங்களும் கேட்கக் கூடாது. குணம் வளர்வது அந்த இடத்தில்தான்.

19-வது ஆயத் குரலைத் தாழ்த்தச் சொல்கிறது. அந்த வாரம் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் பயிற்சி.

பிள்ளை தவறினால் கடிந்துகொள்ளாதீர்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த தம்மை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட "சீ" என்று சொன்னதில்லை என நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.