க்ரூப்பாவா, ரிச்சா? ஒரு டிரம் மோதலைக் கேட்கப் பழகுவது எப்படி

1952 செப்டம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் நார்மன் கிரான்ஸ் நடத்திய ஜாஸ் கச்சேரியில் டிரம் கலைஞர்களான ஜீன் க்ரூப்பாவும் பட்டி ரிச்சும் நேருக்கு நேர் வாசித்தார்கள். அந்த நேரடி ஒலிப்பதிவு பின்னாளில் 'தி டிரம் பேட்டில்' என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. முதல் முறை கேட்பவருக்கு அது இடி முழக்கமாகத்தான் படும். மோனோ பதிவு என்பதால் இந்தக் காதில் ஒருவர், அந்தக் காதில் மற்றவர் என்று பிரித்துக் கேட்கவும் வழியில்லை. வாசிப்பவர் யார் என்று பிடிபட்டால்தான் போட்டி ருசிக்கும்.

படி 1: ஓசைகளைப் பழகுங்கள்

எவர்சில்வர் தட்டில் ஒரு பிடி அரிசியைப் பரப்பி, விளிம்பை விரலால் தட்டுங்கள். தட்டின் ஒலியோடு அரிசி துள்ளும் சலசலப்பும் சேர்ந்து வரும். ஸ்நேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டி இழுத்துக் கட்டிய கம்பிகளும் இப்படித்தான் அதிர்கின்றன. அடுத்து, காலி பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து உள்ளங்கையால் அடியுங்கள். அந்த உருண்டையான 'தொம்', கம்பி இல்லாத டிரம்மான டாம்-டாமின் குரலுக்கு நெருக்கமானது. இந்த இரண்டும் காதில் பிரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்

இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். க்ரூப்பாவுக்கு, 1938 ஜனவரியில் அதே கார்னகி ஹாலில் அவர் இருந்த பென்னி குட்மன் குழு வாசித்த 'சிங், சிங், சிங்' போதும். டாம்-டாமில் உருளும் அந்த அடியை ஒரு முறை கேட்டவர் மறக்கமாட்டார். க்ரூப்பா தாளச் சொற்களைக் குறைவாகவே எடுப்பார். ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதிப்பார்.

ரிச்சுக்கு, 1966இல் அவருடைய குழு வாசித்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' தொகுப்பைக் கேளுங்கள். குழந்தைப் பருவத்திலேயே மேடை ஏறியவர். இசைக்குறிப்பைப் படிக்கப் பழகாதவர். ஸ்நேரில் இரு கைகளும் மாறி மாறி விழும் வேகத்தில் அடிகள் ஒட்டிக்கொண்டு, துணி கிழிவது போன்ற ஒரே ஓசையாகிவிடும். உற்றுக் கேட்டால் ஒவ்வொரு அடியும் தெளிவாகவே நிற்கும்.

படி 3: எண்ணுங்கள்

குழு முழுவதும் வாசிக்கும் பகுதியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் தொடையில் தட்டுங்கள். காலால் மிதித்து மூடும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட்டின் 'சிக்' பெரும்பாலும் அங்கேதான் விழும்.

படி 4: மோதலை மூன்று முறை கேளுங்கள்

முதல் முறை சும்மா கேளுங்கள். அரங்கத்தின் ஆரவாரமும் சேர்ந்துதான் அந்தப் பதிவு. இரண்டாம் முறை, டாம்-டாம் உருளும் இடத்தில் 'க்', ஸ்நேர் பொரியும் இடத்தில் 'ரி' என்று தாளில் குறியுங்கள். சில இடங்களில் தவறும். ஒருவர் பாணியை மற்றவர் தொட்டு வாசிப்பதும் உண்டு.

மூன்றாம் முறை, அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேளுங்கள். வேகத்தை மட்டும் பார்த்து ரிச் ஜெயித்துவிட்டார் என்று முடிவு கட்டுவது க்ரூப்பாவுக்குச் செய்யும் அநியாயம் என்பேன். அவர் ஒரு அடியை நிறுத்திவைத்து நம்மைக் காத்திருக்கச் செய்வார். அந்தக் காத்திருப்பும் வாசிப்புதான். ரிச்சே க்ரூப்பாவைப் பெரிதும் மதித்தவர்.

படி 5: விடையைச் சரிபாருங்கள்

1959இல் ரிச்சும் இன்னொரு டிரம் கலைஞரான மாக்ஸ் ரோச்சும் ஸ்டூடியோவில் மோதிய பதிவு ஸ்டீரியோவில் இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் ஒலிப்பார்கள். ஹெட்ஃபோன் மாட்டி, கண்ணை மூடி, ரிச் எந்தப் பக்கம் என்று சொல்லிப் பாருங்கள். சரியாக வந்தால் மறுபடி கார்னகி ஹாலுக்குத் திரும்பி, பழைய தாளைப் பார்க்காமல் புதிதாகக் குறியுங்கள்.