ஆசிரியர் சங்கத்தில் பதவிக்கு வர நினைக்கிற ரீச்சர்மாருக்கு

எடுத்த எடுப்பில் தலைவர் பதவிக்குக் கேட்க வேண்டாம். உங்கள் வலயக் கிளையின் செயலாளர் பதவியைக் குறிவையுங்கள். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். ஆசிரியரின் சம்பள ஏற்றம், நிலுவை, இடமாற்ற விண்ணப்பம் எல்லாம் வலயக் கல்விக் கந்தோரில்தான் தொடங்கும், பெரும்பாலும் அங்கேதான் தேங்கியும் கிடக்கும். தலைவர் மேடையில் கதைப்பார், கந்தோர்ப் படி ஏறுவது செயலாளர். தீவகத்தில் அந்தப் பதவியில் இருந்தவள் நான் என்பதால் கொஞ்சம் பக்கச்சார்பாகத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, சங்கத்தின் யாப்பை எடுத்து வாசிப்பது. போட்டியிட எவ்வளவு காலம் அங்கத்தவராக இருந்திருக்க வேண்டும், வேட்புமனு எப்போது முடியும், முன்மொழிபவரும் வழிமொழிபவரும் எந்தக் கிளையினராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். கையோடு உங்கள் சம்பளச் சீட்டையும் பாருங்கள். வலயம் மாறி வந்தவர்களுக்குச் சம்பளத்தில் சங்கச் சந்தா கழிவது சத்தமில்லாமல் நின்றுவிடுவதுண்டு. பழைய கந்தோரில் கொடுத்த சம்மதப் படிவம் புதிய கந்தோருக்குத் தானாக வராது. சந்தா நிலுவையில் இருந்தால், வேட்புமனு நாளன்று எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தூக்கிப் பிடிக்கும்.

“அதிபர் என்ன நினைப்பாரோ” என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சங்கங்கள் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பதிவானவை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பாடவேளையில் சங்க வேலை பார்க்காதீர்கள். பாடத்தை விட்டுவிட்டுச் சங்கம் பேசுகிறவருக்குச் சக ஆசிரியரே வாக்குப் போடமாட்டார்.

இனி உண்மையான வேலை. தேர்தலுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே மற்றவர்களின் அலுவல்களைத் தூக்கத் தொடங்குங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு இளம் ரீச்சரின் தர உயர்வு நீண்ட காலம் இழுபட்டது. “மேலே போயிற்று” என்றே ஒவ்வொரு முறையும் பதில். இரண்டு பேருமாகப் போய், கோவையைத் திறந்து காட்டச் சொல்லி, கயிறு கட்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். தர உயர்வுக்குத் தேவையான வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைப் பெறுபேறு உள்ளே இல்லை. அவர் கொடுத்திருந்தார், ஆனால் கொடுத்ததற்கு அத்தாட்சி கிடையாது. திரும்பவும் கொடுத்தோம். இந்த முறை கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, இரண்டாவதில் திகதியோடு “கிடைக்கப்பெற்றது” முத்திரை குத்தி வாங்கினோம். அந்தப் பிரதியைக் காட்டித்தான் அடுத்த தடவை கதைத்தோம், அலுவல் முடிந்தது. முத்திரை குத்திய பிரதி இல்லாமல் எந்தக் கந்தோரையும் விட்டு வெளியே வராதீர்கள். உங்களிடம் வருகிறவர்களுக்கும் இதைப் பழக்குங்கள்.

இதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். 2014 ஒக்டோபர் 23ஆம் திகதிய 1885/38 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு (நியமனம், தர உயர்வு விதிகள்), இடமாற்றம் பற்றிய 2007/20 சுற்றுநிருபம், அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபனக் கோவையின் லீவு அத்தியாயம் மூன்றும் பையில் இருக்கட்டும். தேசிய பாடசாலை ஆசிரியரின் இடமாற்றம் இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சோடு போகும், மாகாணப் பாடசாலை ஆசிரியருடையது வடமாகாணக் கல்வி நிர்வாகத்தோடு. இந்த வித்தியாசம் தெரியாமல் வாக்குறுதி கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கேட்கப் பாவமாக இருக்கும்.

வாக்குக் கேட்கப் போகும்போது நகரப் பெரிய பாடசாலைகளோடு நின்றுவிடாதீர்கள். நெடுந்தீவில் படிப்பிக்கிறவர்கள் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்பார்கள். ஓய்வறையில் அதிபர் காதுக்குப் பயந்து சொல்லாததை அங்கே தாராளமாகச் சொல்வார்கள். துண்டுப்பிரசுரம் நீட்டாமல் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். கடற்கொந்தளிப்பில் படகு ஓடாத நாளின் லீவை எப்படிப் பதிகிறார்கள் என்று ஒரு கேள்வி போட்டாலே காணும், மிச்சத்தை அவர்களே கதைப்பார்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. ஆசிரியர்களில் பெரும்பான்மை நாங்கள். நான் கண்ட நிர்வாக சபைகளிலோ எங்களுக்கு உப செயலாளர் கதிரையும் தேநீர்ப் பொறுப்பும்தான். கூட்டத்தைக் கிழமை நாளில் பின்னேரம் வைத்தால், கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள், முக்கியமான தீர்மானம் அதற்குப் பிறகுதான் வரும். சனிக்கிழமை காலையில் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தேர்தலுக்கு முன் நீங்கள் வெல்லக்கூடிய முதல் போராட்டம் இது.

பொதுக்கூட்டத்தில் சுருக்கமாகக் கதையுங்கள். 2021 போராட்டம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதிபர் ஆசிரியர் சம்பள முரண்பாட்டுக்காக ஜூலையில் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி ஒக்டோபர் வரை நின்றோம். கிடைத்தது கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்ச இரண்டு பங்குக்காக 2024இலும் வீதிக்கு இறங்கினோம். அதை வெற்றி என்று பூசி மெழுகவும் வேண்டாம், தோல்வி என்று அழவும் வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். “நீர் எந்தக் கட்சி?” என்ற கேள்வியும் வரும். கட்சி இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். ஒளித்தால் அடுத்த நாளே வட்ஸ்அப்பில் உங்கள் பழைய படம் ஓடும்.

வென்றால், வாழ்த்து அடங்குமுன் பொறுப்பேற்பை எழுத்தில் முடியுங்கள். கூட்ட அறிக்கைப் புத்தகம், அங்கத்தவர் பட்டியல், வங்கிக் கையொப்ப மாற்றம், நிர்வாகிகள் மாறியதைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அறிவிக்கும்படி தலைமைக்கு ஒரு கடிதம். பற்றுச்சீட்டுப் புத்தகங்களை வாங்கும்போது பாவித்தவற்றின் அடிக்கட்டைகளையும் இலக்க ஒழுங்கில் எண்ணி வாங்கி, பழைய பொருளாளரின் கையொப்பத்தையும் போடுவித்துக்கொள்ளுங்கள்.