இ-ரீடர் சேமிப்பகத்தைப் பிரிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபோ டச், க்ளோ போன்ற பழைய இ-ரீடர்களின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு இருக்கும். சேமிப்பகம் மொத்தமும் அதுதான். க்ளோவில் வந்தது வெறும் 2 ஜிபி. பெரிய கார்டாக மாற்றலாம் என்று தெரிந்த உடனே எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. ஆரம்பத்தில் நான் விழுந்த குழிகளிலேயே புதியவர்களும் விழுவதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன். சார்ஜ் இருக்கிறதா பார்ப்பது, கேபிளை நடுவில் பிடுங்காமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்ட்டிஷன்களை மட்டும் நகலெடுப்பது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

கார்டைக் கணினியில் செருகினால் மூன்று பார்ட்டிஷன்கள் (தனித்தனிப் பிரிவுகள்) தெரியும்: இயங்குதளம், அதை மீட்பதற்கான பிரதி, புத்தகங்கள். மூன்றையும் அப்படியே புதிய கார்டுக்கு நகலெடுத்தால் வேலை முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் முதல் பார்ட்டிஷன் தொடங்குவதற்கு முன்னால் சில மெகாபைட் இடம் 'காலி' என்று தெரிகிறதே, அது காலி இல்லை. கார்டு செக்டர் எனும் எண்ணிடப்பட்ட சிறு துண்டுகளால் ஆனது. செக்டர் 0-இல் பார்ட்டிஷன் அட்டவணை (எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்). செக்டர் 1-இல் கருவியின் சீரியல் எண். செக்டர் 2-இலிருந்து பூட்லோடர், அதாவது கருவியை எழுப்பும் நிரல். அப்புறம் 1024-இல் வன்பொருள் விவரம், 2048-இல் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). மின்மைத் திரையை (இ-இங்க்) இயக்கும் அலைவடிவத் தரவும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எதற்கும் கோப்புப் பெயர் கிடையாது, பார்ட்டிஷன் மென்பொருள் எதுவும் இவற்றைக் காட்டாது.

ஒருவர் தன் க்ளோவை என்னிடம் கொண்டுவந்தார். புது கார்டில் மூன்று பார்ட்டிஷனும் சுத்தமாக இருந்தன. கருவியில் போட்டால் அசைவே இல்லை. கடைசியாகப் படித்த புத்தகத்தின் அட்டை மட்டும் திரையில் நின்றது. மின்மைத் திரை மின்சாரம் இல்லாமலேயே பழைய படத்தை வைத்திருக்கும். அதைப் பார்த்து அவர் திரை உறைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். பழைய கார்டு எங்கே என்று கேட்டேன். ஃபார்மட் செய்து கேமராவில் போட்டுவிட்டாராம்! பேக்அப் என்று அவரிடம் இருந்தது புத்தகக் கோப்புறை மட்டும். இன்னொரு க்ளோவின் இமேஜை (முழுக் கார்டின் அச்சுப் பிரதிக் கோப்பை) தேடிப் போட்டால் கருவி எழுந்துகொள்ளும், ஆனால் சீரியல் எண் அந்த இன்னொருவருடையது. அதையும் கையால் திருத்த வேண்டும்.

அதனால் கார்டு முழுவதையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை இமேஜாக எடுங்கள். லினக்ஸில் டிடி (dd) என்ற நகலெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால் எஸ்டிபி1 (sdb1) அல்ல, எஸ்டிபி (sdb); முன்னது ஒரு பார்ட்டிஷன் மட்டும், பின்னதுதான் முழுக் கார்டு. இரண்டு முறை எடுத்து, இரண்டின் ஹாஷும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றா என்று பாருங்கள். அசல் கார்டை எதற்கும் பயன்படுத்தாமல் தனியாக எடுத்து வையுங்கள்.

ஜிபிடி-க்கு மாற்றுவது

ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் பார்ட்டிஷன் அட்டவணையின் வகைகள்; இந்தக் கார்டுகளில் இருப்பது பழைய எம்பிஆர். ஜிபிடி-க்கு மாற்றுவதும் 'காலி' என்று தெரியும் அந்தப் பகுதியைத்தான் அழிக்கிறது. ஜிபிடி அட்டவணை செக்டர் 1 முதல் 33 வரை எழுதப்படும். சீரியல் எண்ணும் பூட்லோடரின் தொடக்கமும் ஒரே அடியில் போய்விடும். இந்தக் கார்டுகளில் எம்பிஆர் எம்பிஆராகவே இருக்கட்டும்.

விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால்

வேண்டாம் என்று சொல்லுங்கள். இயங்குதளப் பார்ட்டிஷன்கள் எக்ஸ்ட் (லினக்ஸின் கோப்பு முறைமை) வகை என்பதால் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது பார்ட்டிஷனை நீட்டும்போது

இமேஜைப் புதிய கார்டில் எழுதியதும் மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கும். புத்தகங்கள் இருக்கும் மூன்றாவது பார்ட்டிஷனை, ஃபேட்32 வகையில் இருப்பதை, அதுவரை நீட்ட வேண்டும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் ஃபேட்32-ஐ நீட்டாது; ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் நீட்டும். சிலர் பார்ட்டிஷனை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குகிறார்கள். செய்யலாம், ஆனால் அது மூன்றாவது எண்ணிலேயே, பழைய தொடக்க செக்டரிலேயே இருக்க வேண்டும். இயங்குதளம் அந்த எண்ணை வைத்துத்தான் புத்தகங்களைத் தேடுகிறது. வகையும் ஃபேட்32 மட்டுமே. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) கணினியில் அழகாகத் திறக்கும், கருவிக்குப் புரியாது.

போலிக் கார்டு

சொல்லும் கொள்ளளவு உண்மையில் இல்லாத கார்டுகளும் விற்கப்படுகின்றன. எஃப்3 (F3) அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகுதான் இமேஜ் போட வேண்டும். போலிக் கார்டு முதல் சில ஜிபி வரை ஒழுங்காக வேலை செய்யும். புத்தகங்கள் சேரச் சேரத்தான் கோப்புகள் சிதையத் தொடங்கும். அப்போது இயங்குதளத்தின் மேல் சந்தேகப்பட்டு நாள்கணக்கில் அலைவீர்கள்.

கிண்டில்

அங்கே சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. கழற்றிப் பிரதி எடுக்க வழியில்லை. இடத்தைச் சுத்தம் செய்வதுதான் நோக்கம் என்றால் அமைப்புகளில் உள்ள ரீசெட் போதும். பார்ட்டிஷனைத் தொட வேண்டாம்.

புத்தகங்களை ஏற்றும் முன்

மூடியைப் பொருத்துவதற்கு முன்பே ஒருமுறை இயக்கி, கருவி விவரப் பக்கத்துக்குப் போங்கள். சீரியல் எண் பின்புறம் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா, புதிய கொள்ளளவு காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் புத்தகங்களை ஏற்றலாம்.