கணைய நீர்க்கட்டி: ஜூனியர் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் இப்போது சிறுநீரகக் கல்லுக்கு சி.டி. எடுக்கப் போனவர், கணையத்தில் நீர்க்கட்டி என்ற ரிப்போர்ட்டோடு திரும்புகிறார். ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி என்று எங்கெங்கிருந்தோ அதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை முதலில் பார்ப்பது எங்கள் ஜூனியர்கள். எங்கள் பேட்ச் முழுக்கச் செய்த தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். கட்டியின் அளவை எழுத மறப்பது மாதிரியானவற்றை விட்டுவிடலாம், அவை தானாகச் சரியாகிவிடும்.

கணைய அழற்சி வராதவருக்கு சூடோசிஸ்ட் என்று எழுதுவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கணையத்தில் அழற்சி வந்தோ அடிபட்டோ திரவம் கசிந்து, அதைச் சுற்றி ஒரு சுவர் எழும்ப ஏறக்குறைய 4 வாரம் ஆகும். அதுதான் சூடோசிஸ்ட். அது புற்றுநோயாக மாறாது. அழற்சியே வராத ஆளுக்கு அது எங்கிருந்து வரும்?

நடப்பது இதுதான். "வயிறு வலிச்சுதா?" என்று கேட்கிறோம். கேஸ், அல்சர் என்று ஏதாவது ஒரு வலி இல்லாதவர் யார், ஆமாம் என்கிறார்கள். ஸ்கேன் சீட்டில் 'வயிற்றுவலி உண்டு' என்று போகிறது, ரிப்போர்ட்டில் 'சூடோசிஸ்ட்டாக இருக்கலாம்' என்று வருகிறது, டிஸ்சார்ஜ் சம்மரிக்குள் நுழையும்போது அந்த 'இருக்கலாம்' காணாமல் போய்விடுகிறது.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, நாற்பது தாண்டியவர், இப்படித்தான் வந்தார். கணையத்தின் வால் பகுதியில் 5 செ.மீ. கட்டி. வேறோர் ஆஸ்பத்திரியில் சூடோசிஸ்ட் என்று முடிவு செய்து, வயிற்றுக்குள் ஸ்டென்ட் (சிறு குழாய்) வைத்து வடித்துவிட நாள் குறித்திருந்தார்கள். எப்போதாவது வலி வந்து அட்மிட் ஆகி, வாய்க்கு ஒன்றும் தராமல் ட்ரிப்ஸ் ஏற்றினார்களா என்று கேட்டேன். "ரெண்டு பிரசவத்தைத் தவிர ஆஸ்பத்திரியில படுத்ததே இல்லைங்க" என்றார். மது இல்லை, பித்தக் கல் இல்லை, விபத்து இல்லை. அந்த வயதில், ஒரு பெண்ணுக்கு, வால் பகுதியில் தனியாக ஒரு கட்டி என்றால் முதலில் நினைக்க வேண்டியது மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம் என்ற சளி சுரக்கும் கட்டி. அது அநேகமாகப் பெண்களுக்கு மட்டுமே வருவது, விட்டுவைத்தால் புற்றுநோயாகக்கூடியது.

எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் (வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் ஸ்கேன்) சுவர் ஓரிடத்தில் தடித்திருந்தது. ஊசியில் எடுத்த திரவத்தில் ஒரு சொட்டைக் கையுறை போட்ட இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்லப் பிரித்தால், அறுபடாமல் ஒரு செ.மீ.க்கு மேல் நூலாக நீண்டது. அதில் கணையம் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதி 250-க்குக் கீழே இருந்தது. அப்படி இருந்தால் சூடோசிஸ்ட் என்பதை ஏறக்குறைய மறந்துவிடலாம். திரவத்தின் சர்க்கரையையும் பாருங்கள், 50-க்குக் கீழே போனால் அதுவும் சளி சுரக்கும் கட்டியின் பக்கம்தான் சாய்கிறது. செலவே இல்லாத சோதனை, பலர் கேட்பதில்லை.

வால் பகுதியை அறுவை செய்து எடுத்தோம். புற்றுநோய் இன்னும் வரவில்லை, அதனால் அவருக்குத் தொடர் ஸ்கேன்கூடத் தேவையில்லை. ஸ்டென்ட் வைத்திருந்தால் சளி சுரக்கும் உள்சுவர் அப்படியே உள்ளே இருந்திருக்கும், கிருமி ஏறியிருக்கும், சுற்றிலும் ஒட்டிக்கொண்டு பிறகு செய்யும் ஆபரேஷனும் சிக்கலாகியிருக்கும். 'வடித்தாயிற்று, குணமாயிற்று' என்று அந்த அம்மாவும் மலையேறிப் போயிருப்பார்.

இதில் இன்னொரு பொறி உண்டு. அழற்சி வந்த வரலாறு இருக்கிறது என்பதாலேயே சூடோசிஸ்ட் என்று நிம்மதியாகிவிட முடியாது, ஏனென்றால் ஐ.பி.எம்.என். (கணைய நாளத்துக்குள் வளர்ந்து சளி சுரக்கும் கட்டி) போன்றவையே சளியால் நாளத்தை அடைத்து அழற்சியை வரவழைக்கும். எது முன்னால் வந்தது என்று பாருங்கள். அழற்சிக்கு முன்னால் எந்தக் காரணத்துக்காக எடுத்த ஸ்கேனாக இருந்தாலும் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நாளம் விரிந்திருந்தால் எல்லாம் கல் என்று முடிவு கட்டுவது

நம் பக்கம் இளம் வயதிலேயே கணையத்தில் கல், கூடவே சர்க்கரை நோய் என்று வருபவர்கள் உண்டு. (மரவள்ளிக்கிழங்கில் உள்ள சயனைடுதான் காரணம் என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள், பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஜவ்வரிசி ஊர்க்காரர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.) அவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விரிந்த நாளம் எல்லாமே பழைய அழற்சியாகத் தெரிகிறது. கல்லும் இல்லை, சுருக்கமும் இல்லை, முதன்மை நாளம் மட்டும் 5 மி.மீ.க்கு மேல் என்றால் ஐ.பி.எம்.என். நினைவுக்கு வர வேண்டும். 10 மி.மீ. தொட்டுவிட்டால் சர்ஜனிடம் பேச வேண்டிய நிலை. சைடு வியூ ஸ்கோப்பில் பேப்பில்லாவை, அதாவது நாளம் குடலில் திறக்கும் இடத்தை, பாருங்கள், வாய் பிளந்து சளி வழிந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும். கல் இருப்பவரையும் கைவிடாதீர்கள், அந்த நோயிலும் கணையப் புற்றுநோய் அபாயம் அதிகம்.

மஞ்சள் காமாலையின் நடுவே சி.ஏ. 19-9

புற்றுநோய்க்காக இரத்தத்தில் பார்க்கும் இந்தக் குறியீடு பித்தம் அடைத்தாலே ஏறும். முதலில் அடைப்பை எடுங்கள், பிறகு பாருங்கள்.

திரவத்தில் சி.இ.ஏ. எகிறினால் புற்றுநோய் என்று சொல்வது

சி.இ.ஏ. என்பது ஊசியில் எடுத்த திரவத்தில் பார்க்கும் ஒரு புரதம். 192-க்கு மேல் என்றால் பெரும்பாலும் சளி சுரக்கும் கட்டி, அவ்வளவுதான்.

போன தடவை எடுத்த படத்தோடு மட்டும் ஒப்பிடுவது

வருடத்துக்கு ஒரு ஸ்கேன்: 14, 17, 19, 22 மி.மீ. முதலாவதை விட்டு மற்ற மூன்றிலும் 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று எழுதியிருக்கும், முந்தைய ஒன்றோடு மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். 2024-இல் வந்த கியோட்டோ வழிகாட்டுதல் வருடத்துக்கு 2.5 மி.மீ. வளர்ச்சியையே கவலைக்குரிய அறிகுறியாகச் சொல்கிறது. ஒருமுறை சி.டி., மறுமுறை எம்.ஆர்.ஐ. என்று மாற்றி மாற்றி எடுத்தால் இந்த வித்தியாசமே தெரியாமல் போகும், ஆகவே கண்காணிப்புக்கு எம்.ஆர்.சி.பி. (நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். படங்களைத் தேதி வரிசையில் ஒரே பையில் வைக்கும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தாங்காதவருக்கு ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன்

வேண்டாம். கட்டி மாறியது தெரிந்தாலும் ஆபரேஷன் செய்ய முடியாதே. வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

புதிதாக வந்த சர்க்கரையைச் சும்மா விடுவது

நம் ஊரில் சர்க்கரை யாருக்குத்தான் இல்லை என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். அது கணையத்தில் புற்றுநோய் வருவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். கண்காணிப்பில் இருப்பவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்தாலோ, கட்டுக்குள் இருந்தது திடீரென எகிறினாலோ, எடை குறைந்தாலோ, அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் அந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை எழுதும் பக்கத்து கிளினிக் டாக்டருக்கு உங்கள் நோயாளியின் கட்டியைப் பற்றித் தெரியாது, அதனால் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள்.